பயம் வேண்டாம் என்றார் டாக்டர்

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் தங்கைகளுக்கென்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பொறுமை, கனிவு, சேவை மனப்பான்மை பற்றியெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் உங்கள் தலையில் தொப்பி ஏறிய அன்றைக்கே யாராவது சொல்லி முடித்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு சண்டையைப் பற்றி. அது ஒரு பக்கத்தில் அடங்காது. நானும் அடங்கின ஆள் இல்லை.

ஊசி போடவும் காய்ச்சல் பார்க்கவும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கை என் கையைவிட வேகமாகவே இருக்கும். ஆனால் என்றாவது ஒரு காலையில் டாக்டர் ஒரு பக்கம், ஹெட் சிஸ்டர் ஒரு பக்கம், பெற்றவள் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நடுவில் கட்டிலில் குழந்தை கிடக்கும். அப்போது படித்த பாடம் எதுவும் நினைவுக்கு வராது. எனக்கு அப்படி ஒரு காலை வந்தது, ஒரு வாழைப்பழத்தால்.

அறுபதுகளின் கடைசி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி. காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடியும் கரித்தூள் படிந்திருக்கும். முகத்துவாரக்குப்பத்திலிருந்து தேசம்மா என்ற பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குமுதா என்று பெயர், நான்கு வயது ஆகப்போகிறது. மணல்வாரி அம்மை வந்து இறங்கிய பிறகு பிடித்த பேதி மாதக்கணக்கில் நிற்கவில்லை. கை கால் சூம்பி, வயிறு மட்டும் உப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. தேசம்மாவின் புருஷன் கடலுக்குப் போகிறவன். இவள் மீன் விற்கிறவள்.

எங்கள் பெரிய டாக்டர் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் குடல் ஆற வேண்டும் என்றார். பால் நிறுத்தம். கோதுமை நிறுத்தம். சர்க்கரை நிறுத்தம். அரிசிக் கஞ்சி, கடைந்து வெண்ணெய் எடுத்த மோர், பருப்புத் தண்ணீர், பிறகு வேகவைத்து மசித்த கேரட். வேறு ஒன்றும் அந்த வாய்க்குள் போகக் கூடாது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பன்னைப் பார்த்து அந்தக் குழந்தை கை நீட்டும். தேசம்மா அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கொடுக்க மாட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேதி நின்றது. ஆனால் கஞ்சியில் உயிர் நிற்குமே தவிர உடம்பு வளராது. பெரிய டாக்டர் எங்களைக் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார்: "குடல் ஆறிக்கிட்டு வருது. இனிப் பழம் ஆரம்பிக்கலாம். நல்லாக் கனிஞ்ச வாழைப்பழம், மசிச்சு, ஒரு ஸ்பூன். ஒத்துக்கிட்டா அப்புறம் முட்டை, மீன்னு ஒவ்வொண்ணாப் போகலாம். ஒத்துக்கலைன்னா மறுபடியும் கஞ்சித் தண்ணிதான். அதை இந்த உடம்பு தாங்காது." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்தக் குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் அந்த ஒரு ஸ்பூனில் இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ராயபுரத்துக்காரி. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு துரை மாதிரி போவார், வீட்டுக்கு வந்ததும் "இன்னாம்மே, சோறு ஆச்சா?" என்பார். எங்கள் வீட்டில் மழை மய, கோழி கோயி, அழு என்றால் அயுதான். நர்ஸ் பயிற்சிக்குப் போனபோது ஹாஸ்டலில் என்னை நடுவில் நிறுத்திப் பேசச் சொல்லிச் சிரிப்பார்கள். சினிமாவில் ரிக்‌ஷாக்காரர் வந்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நாக்கை மடித்து மடித்து ழகரத்தை வரவழைத்தேன். வேலை கிடைத்ததோ என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஆனாலும் வார்டுக்குள் கால் வைத்ததும் நான் வேறு ஊர்க்காரியாகிவிடுவேன். ஊர் எது என்று யாராவது கேட்டால் அம்மா வழியில் தஞ்சாவூர் என்பேன். அம்மாவைப் பெற்றவளைப் பெற்றவள் தஞ்சாவூர்தான், பொய் இல்லை.

பழம் ஆரம்பித்த அன்று சமையல் கட்டிலிருந்து சின்னக் கிண்ணத்தில் மசித்த பழம் வந்தது. குமுதா எங்கள் யார் கையிலும் வாயைத் திறக்க மாட்டாள். தாய் ஊட்டினால்தான் இறங்கும். தேசம்மா ஸ்பூனை எடுத்தாள். கை வெடவெடவென்று நடுங்கியது. அவ்வளவு நாள் ஒன்றையும் கொடுக்காதே என்று மிரட்டி வைத்திருந்த நாங்களே இப்போது கொடு என்கிறோம். நடுங்காமல் என்ன செய்யும்? குழந்தை ஒரு வாய் வாங்கி, புது ருசியில் முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டு அழுதது.

அப்போது எங்கள் சின்ன டாக்டர் அங்கே வந்தார். படிப்பு முடித்த கையோடு வந்தவர், கோயமுத்தூர்ப் பக்கம். யாரையும் அதட்டத் தெரியாத பிள்ளை. தேசம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, கட்டிலருகே குனிந்து நின்று, கிண்ணத்தையும் குழந்தையையும் பார்த்தபடி, "இனிப் பயமே வேண்டாம் அம்மணி. இன்னையோட பயத்த விட்ருங்க. குழந்தை நல்லாயிடும்" என்றார். பக்கத்துக் கட்டிலில் துணி மாற்றிக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது. எவ்வளவு பதமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தேசம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டி, கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து கிண்ணம் பழத்தோடு வந்தது, காலியாகத் திரும்பிப் போனது. நாங்களும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பேதி திரும்பவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தராசில் வைத்தால் குழந்தை இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு கொஞ்சம் இறங்கவும் ஆரம்பித்தது. பன்னைப் பார்த்துக் கை நீட்டிய குழந்தை இப்போது கையைக்கூடத் தூக்கவில்லை. பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பழம் உடம்பில் ஒட்டவில்லை, வேறு என்ன செய்வதென்று பார்க்கலாம் என்றார். வேறு என்று ஒன்றும் இல்லை என்பது அவர் குரலிலேயே எனக்குக் கேட்டது.

அதற்கு அடுத்த நாள்தான் ஆயா ஓடிவந்து ஹெட் சிஸ்டரிடம் சொன்னாள், குழந்தைக்கு வந்த பழத்தைத் தாயே வழித்துத் தின்கிறாள் என்று.

எங்கள் ஹெட் சிஸ்டரைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். அவர் வார்டில் ஒரு மூட்டைப்பூச்சி இருக்காது, ஒரு மருந்து வேளை தவறாது. ஆனால் ஏழைத் தாய்மார்களைப் பற்றி அவருக்கு ஒரு முடிவு இருந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்காகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்பார். தேசம்மாவின் புடவையில் மீன் வாடை வருகிறது என்று கட்டிலை மூலைக்குத் தள்ளச் சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருந்து, பெரிய டாக்டர், சின்ன டாக்டர், பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்த பிறகு வாயைத் திறந்தார்.

"சார், இந்தக் குழந்தை ஏன் தேறலைன்னு இப்பத்தான் தெரிஞ்சது. குழந்தைக்கு அனுப்பற பழத்தை இவ தின்னுட்டு உக்காந்திருக்கா. ஆயா கண்ணால பாத்திருக்கா."

பெரிய டாக்டர் தேசம்மாவின் பக்கம் திரும்பினார். "உண்மையாம்மா?"

"துன்னேன் சார்" என்றாள் தேசம்மா.

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. "வந்த அன்னிக்கெல்லாம் துன்னேன். கொயந்தைக்கு வாணான்னுதான சொன்னாங்கோ? அதுக்கப்புறமும் கிண்ணத்துல வந்துகினு கீது. சரி, கூட கீறவளுக்குன்னு எவனோ புண்ணியவான் அனுப்புறான்னு நெனச்சேன். பின்ன இன்னா, கீய கொட்டுவாங்களா?"

"யாரும்மா வேண்டாம்னு சொன்னது?"

அவள் சின்ன டாக்டரைக் காட்டினாள். "தோ, இந்த சார்தான். பயம் வாணாம், இன்னியோட பயத்த வுட்ருன்னு அத்தினி மரியாதையா சொன்னாரே."

சின்ன டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "ஆமாங்க சார், சொன்னேன். பயப்படாதீங்கன்னு தைரியம் சொன்னேன். அதுக்கும் பழத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கேட்டுக்க சார்! சொன்னேன்றாரு பாரு! நானு பொய் சொல்லல."

"திமிரைப் பாருங்க சார்" என்றார் ஹெட் சிஸ்டர். "நாம பழத்தைப் பத்திக் கேட்டா இவ பயத்தைப் பத்திப் பேசறா."

"நானும் பயத்தப் பத்திதாம்மா பேசிகினு கீறேன்!" என்று தேசம்மா கத்தினாள்.

படிக்கிற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதே சிரிப்பு. ஹாஸ்டல் நடுக்கூடத்தில் என்னை நிறுத்திவைத்துச் சிரித்த அதே சிரிப்பு. எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் வாயும் திறந்துகொண்டது. திறந்த வாயிலிருந்து வந்தது தஞ்சாவூர் இல்லை.

"இன்னா சிரிப்பு? அவங்கோ சொல்றது கரெக்ட்டுதான் சார். எங்க ஊர்ல பயப்பட்ற பயமும் பயந்தான், வாயப்பயமும் பயந்தான்!"

ஹெட் சிஸ்டர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னேன். பழம் என்ற சொல் எங்கள் பக்கத்து வாயில் பயம் என்றுதான் வரும். எதிரில் கிண்ணத்தில் பழத்தை வைத்துக்கொண்டு நிற்கிற தாயிடம், அதைப் பார்த்தபடியே ஒரு டாக்டர் பயம் வேண்டாம், பயத்தை விட்டுவிடு என்றால், அவள் எதை விடுவாள்? பழத்தைத்தான் விடுவாள்.

சின்ன டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கடவுளே, விட்ருங்கன்னு நானே சொன்னேனுங்களே. மன்னிச்சுக்கோங்க அம்மணி" என்றார். அவர் அப்படி எல்லோர் முன்னாலும் சொன்னதற்காகவே எனக்கு அந்தப் பிள்ளை மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு.

அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஆரம்பித்தது. ஹெட் சிஸ்டர் விடுகிற ஆள் இல்லை. "சரி சார், அப்படியே இருக்கட்டும். சொன்னதைப் புரிஞ்சுக்க முடியாதவகிட்டப் பத்தியச் சாப்பாட்டை எப்படி ஒப்படைக்கிறது? நாளைக்கு வேற எதையாவது மாத்திப் புரிஞ்சுக்குவா. வெளியே அனுப்பிடுங்க. பார்வையாளர் நேரத்துக்கு வந்து பாக்கட்டும். நம்ம ஆள் ஊட்டும். பசிச்சா தானா வாயைத் திறக்கும்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பெரிய டாக்டர் பாதி தலையை ஆட்டியும்விட்டார்.

தேசம்மா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எம் மூத்த புள்ளயும் வேற ஒரு ஆஸ்பத்திரில இப்பிடித்தான் கெடந்தான். வெளிய நில்லுன்னாங்கோ, நின்னேன். உள்ள வுடவேயில்ல. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எட்துகினு போவத்தான் கூப்ட்டாங்கோ. இந்த வாட்டி நானு போவ மாட்டேன். கைய வெட்டிப் போட்டுட்டு இஸ்துகினு போ."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, கோபத்தில். நான் பெரிய டாக்டருக்கு முன்னால் போய் நின்றேன். இளைய நர்ஸ் அப்படி நிற்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை.

"சார், இவங்களுக்குப் புரியலைன்னு யார் சொன்னது? வேணாம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்ததுக்கு, ஒரு விரல் நுனிகூடக் குழந்தை வாய்ல வைக்கல. குழந்தை பசியில கெடக்கும்போது கையில பழத்தை வச்சுக்கிட்டுக் கொடுக்காம இருந்திருக்காங்க. இந்த வார்டுல டாக்டர் பேச்சை இவ்வளவு ஒழுங்காக் கேட்ட தாய் இவங்க ஒருத்தர்தான். இவங்களை நம்பாம வேற யாரை நம்பப் போறோம்? பழம் ஒத்துக்கலைன்னு முடிவு கட்டிட்டோம். பழம் இன்னும் அந்த வயித்துக்குள்ள போகவே இல்லை சார்."

பெரிய டாக்டர் முன்கோபி. எந்த நிமிஷமும் வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறுப்பு யாரு?" என்றார்.

"நான் சார்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்பவும் நான்தான்."

"சரி. தாய் இருக்கட்டும். நாளையிலிருந்து முதல் ஸ்பூன். பழத்தை வேக வச்சு மசிங்க. நான் பரீட்சை நடத்த வெளியூர் போறேன். திரும்பி வர்ற வரைக்கும் கூட்டறதா குறைக்கிறதான்னு இவர்கூடக் கலந்து நீங்க பாத்துக்குங்க" என்று சின்ன டாக்டரைக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஹெட் சிஸ்டர் என்னைக் கடந்து போகும்போது, "தஞ்சாவூரா?" என்று மட்டும் கேட்டார். "ராயபுரம்" என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு சுகமாக இருந்தது.

மறுநாள் நானே பழம் பொறுக்கினேன். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பூவன். காயாக இருந்தால் அந்தக் குடல் தாங்காது. வேகவைத்து, மசித்து, கஞ்சியோடு ஒரு ஸ்பூன். தேசம்மா ஊட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, ஆனால் விழுங்கியது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் அதே ஒரு ஸ்பூன். ஆசை யாரைத்தான் விட்டது, கூட்டலாமா என்று சின்ன டாக்டர் கேட்டார். பொறுங்கள் என்றேன். பிறகுதான் இரண்டாவது ஸ்பூனுக்குப் போனோம்.

அதற்கு அடுத்த காலையில் ஆயா குழந்தையின் துணியை எட்டப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், பூச்சி! கருப்புப் பூச்சி!" என்று கூவிக்கொண்டே வந்தாள். மலம் இளகியிருந்தது. அதில் கறுப்பாக நூல் நூலாக என்னவோ கிடந்தது. ஹெட் சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "நிறுத்து. கஞ்சித் தண்ணிக்குப் போ. பெரிய டாக்டர் வரட்டும்" என்றார். சின்ன டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன பண்ணலாங்க சிஸ்டர்?"

தங்கைகளே, இந்த இடத்தில் நன்றாகக் கவனியுங்கள். எல்லோரும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் குழந்தையைப் பார்த்தேன். நாக்கு ஈரமாக இருந்தது. கண் குழியவில்லை. வயிறு முன்னைவிட உப்பவில்லை. தாயின் வளையலைக் கழற்றப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தது. நோய் திரும்பிய குழந்தை வளையலோடு சண்டை போடாது. பிறகுதான் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்த நூலைத் தண்ணீர் விட்டு அலசிக் குச்சியால் அழுத்தினேன். அது பொடிந்து போனது. பூச்சி பொடியாது. வாழைப்பழத்தின் நடுவில் கறுப்பாக ஓடுமே நார், அதுதான். சின்ன டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

ஆனாலும் மலம் இளகியது நிஜம். நிறுத்தினால் யாரும் எங்களை ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. குழந்தை கஞ்சித் தண்ணீரில் மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தால்கூட, நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். நிறுத்துவது பத்திரம் என்று நமக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். யாருக்குப் பத்திரம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நமக்குத்தான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துக்கொண்டே போவதும் வீரம் இல்லை. அந்த நாக்கு மட்டும் உலர்ந்திருந்தால் கிண்ணத்தை நானே தூக்கி எறிந்திருப்பேன். "நிறுத்த வேண்டாம். கூட்டவும் வேண்டாம். பழையபடி ஒரு ஸ்பூன். நாரை எடுத்துட்டு மசிக்கச் சொல்றேன்" என்றேன். சின்ன டாக்டர் சரி என்றார்.

கிண்ணத்தைக் கொண்டுபோனால் தேசம்மா அதைத் தள்ளிவிட்டாள். ஹெட் சிஸ்டருக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இப்போது வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "வாணாம் சிஸ்டர். எனுக்கு பயமா கீது. பயம் வாணாம்."

நான் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். "தோ பாரு தேசம்மா. அந்த பயத்த வுடு. இந்த பயத்த குடு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நீயும் நம்ம ஆளுதானா? இம்மாம் நாளா கம்முனு கெடந்தியே" என்றபடி ஸ்பூனை எடுத்தாள். குழந்தையின் வாயில் ஊட்டினாள்.

அன்று முழுக்கக் குழந்தை தும்மினால்கூட ஓடிப்போய்ப் பார்த்தேன். மறுநாள் காலைத் துணியை ஆயாவிடம் விடாமல் நானே எடுத்துப் பார்த்தேன். கட்டியாகப் போயிருந்தது. ஒரு மலத்தைப் பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னவள் ராயபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு தராசு முள் நகர ஆரம்பித்தது. பெரிய டாக்டர் ஊரிலிருந்து திரும்பி வந்த காலையில் குமுதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலில் நின்று, கிண்ணம் வரத் தாமதமானதற்காக வார்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள். "பயம்! பயம்! பயம் தா!"

பெரிய டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எந்த பயம் சிஸ்டர் இது?"

"துன்ற பயம் சார்" என்றேன். முன்பு சிரித்த அதே பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன், பெரிய டாக்டரும் சிரித்தார். பிறகு முட்டை, அப்புறம் முள் எடுத்து வேகவைத்த மீன் என்று ஒவ்வொன்றாகப் போனோம். எந்த மீன் என்று தேசம்மாவைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை வார்டில் நான் என் பேச்சைத்தான் பேசினேன். யாராவது முகம் சுளித்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். சின்ன டாக்டர்கூடக் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார். "பயம் குட்த்தீங்களா அம்மணி?" என்று கோயமுத்தூர் ராகத்தில் அவர் கேட்பது தனி அழகு. உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சொன்னபடி செய்யாத தாய் என்று ஒருத்தியைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால், நாம் சொன்னது அவள் காதில் என்னவாக விழுந்தது என்று கேளுங்கள். கேட்பதற்கு அவள் பேச்சு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பேச்சை மறைத்து வைக்காதீர்கள்.

இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிறகு குழந்தையைக் காட்ட வரச் சொல்லியிருந்தோம். தேசம்மா வந்தாள். குமுதா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வரும் வழியில் டோல்கேட் ஸ்டாப்பில் இறங்கிப் பெரிய பூவம்பழச் சீப்பு இரண்டு வாங்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள் தேசம்மா. ஆயாவுக்கு ஒன்று, சின்ன டாக்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கட்டில் கட்டிலாகத் தாய்மாருக்கெல்லாம் ஒவ்வொன்று என்று பிய்த்துக் கொடுத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஹெட் சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, மிச்சச் சீப்பை நீட்டினாள்.

"எட்துக்கோ சிஸ்டர். இது கொயந்த பயம் இல்ல. நானு வாங்கினது."

ஹெட் சிஸ்டர் எழுந்து நின்றார். "எனக்கு வேண்டாம்" என்றார்.

தேசம்மா கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"ஏன் சிஸ்டர்," என்றாள், "பயமா?"

ஹெட் சிஸ்டர் அவளைப் பார்த்தார், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையைப் பார்த்தார். பிறகு சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, எங்கள் எல்லோர் முன்னாலும் நின்றபடியே முழுதாகத் தின்றார்.